பணம் போச்சு, ஆனா வரலை!

ஒரு சனிக்கிழமை மதியம். பழவேற்காட்டில் மீன் விற்கும் ஓர் அக்காவிடம், சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம் ஒன்று நண்டும் இறாலும் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை பேசி முடிந்து 640 ரூபாய் என்று முடிவாகிறது. குடும்பத் தலைவர் போனை எடுத்து, அட்டையில் இருக்கும் கட்டத்தைக் காட்டி, ரகசிய எண்ணை அழுத்துகிறார். திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் அவருடைய வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிடுகிறது, 640 ரூபாய் கழிக்கப்பட்டது என்று.

"அக்கா, பணம் போயிடுச்சு, பாருங்க."

"எனக்கு வரலையே சார். பொட்டி இன்னும் பேசலையே."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். வெயில் ஏறுகிறது, ஐஸ் கரைகிறது, பின்னால் இன்னும் நாலு பேர் நிற்கிறார்கள். அந்த அக்கா இப்போது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். நம்பி மீனைக் கொடுத்துவிடுவதா? இல்லை, "பணம் வந்தா தரேன் சார்" என்று சொல்லி வாடிக்கையாளரின் முகச்சுளிப்பை வாங்கிக்கொள்வதா?

மென்பொருள் துறையில் இந்தச் சிக்கலைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். ஒரு சேவை பழுதாகும்போது மொத்த அமைப்பும் கவிழ்ந்துவிடாமல் அதைப் பக்குவமாகக் கையாள்வது எப்படி என்பதுதான் கேள்வி. பொறியாளர்கள் அதற்கு நல்ல விடைகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த விடைகள் மீன் கடை வரைக்கும் வந்து சேர்ந்தனவா என்பதுதான் இந்தக் கட்டுரை கேட்க விரும்புவது.

ஒரு பணம், பல கைகள்

முன்பெல்லாம் ஒரு நிறுவனத்தின் மென்பொருள் என்றால் ஒரே பெரிய நிரலாக இருக்கும். எங்காவது ஓர் ஓட்டை விழுந்தால் மொத்தமும் நின்றுவிடும். அதைச் சின்னச் சின்னச் சேவைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஒரு வேலையை மட்டும் பார்க்கட்டும் என்று செய்வதற்குப் பெயர்தான் மைக்ரோசர்வீஸ். 2014-ல் ஜேம்ஸ் லூயிஸ், மார்ட்டின் ஃபௌலர் இருவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் எங்கும் பரவியது.

யுபிஐ என்பது ஒரே நிறுவனத்தின் மென்பொருள் இல்லை. பல நிறுவனங்களின் கணினிகள் சேர்ந்த ஒரு வலை. ஆகவே பாடப்புத்தகப்படி அதை மைக்ரோசர்வீஸ் என்று சொல்வது சரியாக இருக்காது. ஆனால் இரண்டுக்கும் வருகிற நோய் ஒன்றுதான். அந்த 640 ரூபாய் போகும் வழியைப் பாருங்கள். வாங்குபவரின் செயலி, அந்தச் செயலிக்குப் பின்னால் இருக்கும் வங்கி, நடுவில் என்பிசிஐ எனப்படும் தேசியப் பணம் செலுத்தல் கழகத்தின் கணினி, வாங்குபவர் கணக்கு வைத்திருக்கும் வங்கி, விற்பவர் கணக்கு வைத்திருக்கும் வங்கி, விற்பவரின் செயலி. ஆறு கைகள்! ஆறும் சில விநாடிகளுக்குள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு கையும் 1,000 முறைக்கு 999 முறை சரியாக வேலை செய்கிறது என்று பேச்சுக்கு எடுத்துக்கொண்டால், கேட்பதற்கு அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறும் சேர்ந்து சரியாக இருப்பது 1,000-க்கு 994 முறைதான். ஆறு முறை எங்கோ தட்டும். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் யுபிஐ பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. 1,000-க்கு 6 என்ற கணக்கைப் போட்டால் 12 கோடி முறை! இது உண்மைப் புள்ளிவிவரம் இல்லை, சங்கிலி நீள நீள என்ன ஆகும் என்று காட்டுவதற்கான கணக்கு. ஆக, பழுது என்பது அபூர்வமாக வரும் விபத்து இல்லை. இவ்வளவு பெரிய அமைப்பில் அது தினசரி வரவுதான்.

இன்னொன்றும் உண்டு. செத்துப்போன சேவையைவிட மெதுவான சேவைதான் ஆபத்து. செத்திருந்தால் உடனே "இல்லை" என்று பதில் வந்துவிடும். மெதுவாக இருந்தால் எல்லோரும் காத்திருப்பார்கள். காத்திருப்பவர்களுக்காக இன்னும் சிலர் காத்திருப்பார்கள். ஒற்றைப் பாலத்தில் ஒரு லாரி நின்றால் ஊர் எல்லை வரை வண்டிகள் நிற்பது போல.

2025 ஏப்ரல் 12

அன்றும் சனிக்கிழமைதான். தமிழ்ப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு. காலை 11.40 மணி அளவில் தொடங்கி மாலை 4.40 வரை, சுமார் ஐந்து மணி நேரம் நாடு முழுவதும் யுபிஐ தடுமாறியது. அனுப்பியதில் ஏறக்குறைய பாதிதான் வெற்றி பெற்றது. மார்ச் 26-லிருந்து மூன்று வாரத்துக்குள் இப்படித் தடுமாறுவது அதுவே முதல் தடவையும் இல்லை.

காரணம் என்ன? யாராவது கணினிக்குள் புகுந்தார்களா? இல்லை. என்பிசிஐ ஆராய்ந்து சொன்னது இதுதான்: "அந்தப் பரிவர்த்தனை என்ன ஆச்சு?" என்று கேட்கும் விசாரணைகளை வங்கிகள் சில அளவுக்கு மீறி அனுப்பிக்கொண்டே இருந்தன. பழைய பரிவர்த்தனைகளுக்கும் திரும்பத் திரும்பக் கேட்டன. அந்த வெள்ளத்தில் மைய அமைப்பு திணறிவிட்டது.

இதைப் பொறியாளர்கள் "ரீட்ரை புயல்" என்பார்கள். நோயாளியின் உடல்நிலை பற்றி நூறு சொந்தக்காரர்கள் நிமிடத்துக்கு ஒரு தடவை நர்ஸுக்குப் போன் செய்தால், நர்ஸ் போனைத்தான் பார்ப்பார், நோயாளியைப் பார்க்க மாட்டார். கேட்ட ஒவ்வொருவரும் அக்கறையோடுதான் கேட்டார்கள். எல்லோரும் சேர்ந்து கேட்டதுதான் கேடு!

பொறியாளர்களின் நான்கு மருந்துகள்

1. காத்திருக்க ஒரு கெடு. பதில் வரவில்லை என்றால் இவ்வளவு நேரம்தான் பார்ப்பேன் என்று முன்னாலேயே முடிவு செய்வது. 2025 ஜூன் 16 முதல் யுபிஐ-யில் பணம் அனுப்பும் கோரிக்கைக்கான கெடு 30 விநாடியிலிருந்து 15 விநாடியாகக் குறைக்கப்பட்டது. நிலை விசாரணைக்கு 30-லிருந்து 10. வேகமாகத் தோற்பதும் ஒரு சேவைதான்! நீண்ட நேரம் நிற்க வைத்துப் பிறகு தோற்பதைவிட அது மேல்.

2. இடைவெளி விட்டுக் கேட்பது. முதல் தடவை கிடைக்காவிட்டால் சற்றுப் பொறுத்து, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். எல்லோரும் ஒரே நொடியில் கேட்காதபடி இடைவெளியைக் கொஞ்சம் கலைத்தும் போட வேண்டும். ஏப்ரல் பாடத்துக்குப் பிறகு, ஒரு பரிவர்த்தனையின் நிலையை இடைவெளி விட்டு அதிகபட்சம் மூன்று முறைதான் கேட்கலாம் என்பதை என்பிசிஐ கறாராக்கியது. 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 தடவைதான் இருப்புப் பார்க்கலாம். இதோடு சேர்ந்தது இன்னொன்று: ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் இருப்பதால், அதே எண்ணோடு கோரிக்கை பத்துத் தடவை வந்தாலும் பணம் ஒரு தடவைதான் கழிய வேண்டும். இது இல்லாமல் "மறுபடி முயற்சி" என்பது வாடிக்கையாளரின் பையில் கை வைப்பதாகிவிடும்.

3. சர்க்யூட் பிரேக்கர். வீட்டில் மின்சாரம் அளவுக்கு மீறினால் எம்.சி.பி. டிரிப் ஆகிறது அல்லவா? அதே தத்துவம். ஒரு வங்கியின் கணினி தொடர்ந்து பதில் தராவிட்டால், அதற்குக் கோரிக்கை அனுப்புவதையே கொஞ்ச நேரம் நிறுத்திவிடுவது. பிறகு ஒன்றிரண்டை மட்டும் அனுப்பிப் பார்த்து, சரியானால் திறப்பது. மைக்கேல் நைகார்ட் 2007-ல் எழுதிய புத்தகத்தால் இந்த முறை மென்பொருளாளர்களிடையே பிரபலமானது. விழுந்தவன் மேல் ஏறி மிதிக்காமல் எழுந்திருக்க அவகாசம் கொடுப்பது என்றும் சொல்லலாம்.

4. மாற்று வழி. முழுச் சேவை முடியாதபோது கொஞ்சமாவது கொடுப்பது. 2008 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் தரவுத்தளம் கெட்டு, மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் போனது. அதன் பிறகு அந்த நிறுவனம் தன் மென்பொருளையே மாற்றி அமைத்தது. உங்களுக்கென்று தனியாகப் படங்களைப் பரிந்துரைக்கும் சேவை நின்றுபோனால், பொதுவாக எல்லோரும் பார்க்கும் படங்களின் பட்டியலைக் காட்டிவிடும். பார்ப்பவருக்குப் பழுது நடந்ததே தெரியாது. வேண்டுமென்றே தன் கணினிகளைத் தானே நிறுத்திப் பார்க்கும் 'கேயாஸ் மங்கி' என்ற குரங்கையும் அவர்கள்தான் வளர்த்தார்கள். நம் ஊரில் 2022 செப்டம்பரில் வந்த யுபிஐ லைட் இந்த வகையில் சேரும். போனிலேயே 5,000 ரூபாய் வரை வைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை ரகசிய எண் இல்லாமல் கொடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் வங்கியின் பெரிய கணினியைத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை.

இதெல்லாம் பழவேற்காட்டுக்குப் புதிதா?

இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரி, சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இவ்வளவு பெரிய ஏரியில் இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. ஓதத்தோடு இறால் போய்வரும் சில இடங்கள்தான் நல்ல இடங்கள். அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது, சண்டைதான் மிஞ்சும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய கிராமங்களில் 'பாடு' என்ற முறை இருந்துவருகிறது. எந்த இடத்தில் யாருக்கு எப்போது முறை என்று குலுக்கலிலும் சுழற்சியிலும் முடிவு செய்துகொள்வார்கள். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இறாலுக்கு முறை வைத்து வலை கட்டும் வழக்கம் உண்டு.

மென்பொருளாளர் கண்ணால் பார்த்தால் பாடு என்பது என்ன? தாங்கும் அளவுக்கு மேல் ஒரு வளத்தின் மீது கோரிக்கை குவியாமல் தடுப்பது. "இன்று உனக்கு இல்லை, உன் முறை இன்ன நாள்" என்று முன்னாலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது. மூன்று தடவைக்கு மேல் கேட்காதே என்று 2025-ல் என்பிசிஐ போட்ட கட்டுப்பாட்டின் சாரமும் இதுதானே!

ஆனால் பாடு இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. அந்த உரிமை எல்லோருக்கும் கிடையாது. குறிப்பிட்ட கிராமங்களுக்கும் அவற்றில் உறுப்பினராக இருப்பவர்களுக்கும்தான். வெளியே நிற்பவர்களுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் இடையே தகராறுகள் வந்திருக்கின்றன. கூட்டத்தைக் குறைக்கும் எந்த ஏற்பாட்டிலும், குறைக்கப்படுகிறவர் யார் என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. மென்பொருளிலும் அதே கேள்விதான். பழுது நேரும்போது யாருடைய கோரிக்கையைக் கைவிடுவது, யாருடைய நஷ்டத்தை ஏற்றுக்கொள்வது என்பது வெறும் தொழில்நுட்ப முடிவு இல்லை.

அனாமத்துக் கணக்கு

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்த இடம். இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒத்துப்போகாவிட்டால் கணக்கர் என்ன செய்கிறார்? கணக்கையே மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. இஷ்டத்துக்கு ஒரு எண்ணை மாற்றி எழுதிச் சரிக்கட்டுவதும் இல்லை. வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கு என்று தனியே எழுதி வைத்துவிட்டு, வேலையைத் தொடர்கிறார். பிழை கிடைத்ததும் திருத்தப் பதிவு போட்டு அனாமத்தை மூடுகிறார். "இன்னும் தெரியவில்லை" என்பதையும் ஒரு பதிவாக மதித்து எழுதுவதுதான் இதில் இருக்கும் நேர்மை.

ஹெக்டர் கார்சியா மோலினா, கென்னத் சேலம் இருவரும் 1987-ல் 'சாகா' என்ற முறையை முன்வைத்தபோது சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. பல படிகள் கொண்ட ஒரு வேலை பாதியில் நின்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, செய்த படிகளை ஈடுகட்டும் பதிவுகள் போட்டுப் பின்னால் திரும்புவது. மற்றொன்று, மிச்சப் படிகளை எப்படியாவது முடித்து முன்னால் போவது. மீன் கடைக் கதையில் முதலாவது என்றால் 640 ரூபாய் வாங்கியவரிடம் திரும்பும். இரண்டாவது என்றால் தாமதமாகவாவது அந்த அக்காவிடம் சேரும்.

யார் தலையில்?

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. யுபிஐ-யில் கணக்கிலிருந்து பணம் போய், பெறுபவர் கணக்கில் சேராவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடையில் செலுத்திய பணத்துக்கு உறுதிச் செய்தி கிடைக்காவிட்டால் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. புகார் வரட்டும் என்று காத்திருக்காமல் வங்கியே கொடுக்க வேண்டும். நல்ல விதி. பாராட்ட வேண்டிய விதி.

ஆனால் அது யாரைப் பார்த்து எழுதப்பட்டிருக்கிறது? கணக்கிலிருந்து பணம் போனவரைப் பார்த்து. மீனைக் கொடுத்துவிட்டு நிற்கிறவரை யார் பார்ப்பது? பணம் "பக்குவமாக" வாங்கியவருக்கே திரும்பினால், அந்த அக்காவுக்கு மீனும் போய்ப் பணமும் போய்விடும். காரில் வந்தவர் அதற்குள் சென்னையில் சாப்பிட்டு முடித்திருப்பார். அவர் நல்லவராக இருந்தால் மறுபடி அனுப்புவார். ஆனால் அவருடைய எண்கூட அக்காவிடம் இருக்காது. அமைப்பின் கணக்கேட்டில் எல்லாம் நேராகிவிட்டது. மீன் கூடை மட்டும் காலி!

இங்கேதான் இன்றைய ஏற்பாட்டில் குறை இருக்கிறது. நான்கு மருந்துகளும் அமைப்பைக் காக்கின்றன. ரிசர்வ் வங்கி விதி பணம் கட்டியவரைக் காக்கிறது. நடுவில் இருக்கும் அந்தச் சில நிமிடச் சந்தேகத்தை, அதைத் தாங்க எல்லோரையும்விட வசதி குறைந்தவர் தலையில் இறக்கி வைத்துவிடுகிறார்கள்.

சிலர் கேட்கலாம், சந்தேகம் என்றால் ரொக்கம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று. வாங்க வருகிறவர் பையில் ரொக்கம் இருந்தால்தானே வாங்குவது? வேறு சிலர், பழுதே வராதபடி அமைப்பைப் பலப்படுத்தினால் போதும் என்பார்கள். பலப்படுத்த வேண்டியதுதான். ஆனால் ஆறு கைகளின் கணக்கை மேலே பார்த்தாயிற்று. பூஜ்யம் என்பது வராது. போலி ரசீதுப் படம் காட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்களே என்பது மூன்றாவது கேள்வி. நியாயமான கேள்வி. அதனால்தான் கடைக்காரர் வாடிக்கையாளரின் திரையை நம்பக் கூடாது. அவருக்கே நேராகத் தகவல் வர வேண்டும்.

என்ன செய்யலாம்? மூன்று விஷயங்கள்.

முதலாவது, பெட்டி பேச வேண்டும். இன்று கடையில் இருக்கும் சத்தப்பெட்டி பணம் வந்தால்தான் பேசும். வராவிட்டால் மௌனம். பணம் அனுப்பவே இல்லை என்றாலும் அதே மௌனம், பாதி வழியில் நிற்கிறது என்றாலும் அதே மௌனம். "640 ரூபாய் வழியில் நிற்கிறது" என்று அதுவும் சொன்னால் என்ன குறைந்துவிடும்? வாங்குபவர் காணும் உண்மையை விற்பவரும் காண வேண்டும். "தெரியவில்லை" என்பதும் ஒரு பதில்தான்.

இரண்டாவது, நேருக்கு நேர் கடையில் நடக்கும் சிறு தொகைகளுக்குப் பின்னால் திரும்பும் வழியைவிட முன்னால் போகும் வழியே முதல் விருப்பமாக இருக்க வேண்டும். பொருள் கை மாறிவிட்டது. வாங்குபவரின் வங்கி பணத்தைக் கழித்தும்விட்டது. அப்படியானால் அந்தப் பணம் அமைப்புக்குள்தானே எங்கோ இருக்கிறது? அதை வைத்திருப்பவர்கள் அனாமத்துக் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும், தங்களுக்குள் பிறகு தீர்த்துக்கொள்ளட்டும். விற்பவருக்கு உரியது விற்பவருக்குப் போகட்டும்.

மூன்றாவது, யுபிஐ லைட் போன்ற மாற்று வழிகளைப் பழுது வந்த பிறகு தேடாமல், சிறு தொகைக்கு அதுவே வழக்கமான வழியாக ஆக வேண்டும். அவசர வாசலைத் தீப்பிடித்த அன்று முதல் முதலாகத் திறந்து பார்த்தால் தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கும்.

இதற்கெல்லாம் செலவு ஆகும். வங்கிகளுக்குக் கொஞ்சம் ஆபத்தும் உண்டு. ஆனால் அந்த ஆபத்து இன்றும் இல்லாமல் போய்விடவில்லை. அது மீன் கூடை வைத்திருப்பவரிடம் இருக்கிறது, அவ்வளவுதான். லட்சக்கணக்கான பரிவர்த்தனைகளில் பரவிப்போனால் வங்கிக்கு அது ஒரு தூசு. ஒரு நாள் வியாபாரத்தில் 640 ரூபாய் போனால் அந்த அக்காவுக்கு அது அன்றைய லாபமாகவே இருக்கலாம். நஷ்டத்தைத் தாங்கக் கூடியவரிடம் வைப்பதுதான் காப்பீட்டின் அடிப்படை என்று வணிகவியல் முதலாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஒரு மென்பொருள் பழுதைப் பக்குவமாகக் கையாள்கிறதா என்று கணினி அறையின் திரையைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த மூன்று நிமிடத்தில், பழவேற்காட்டில் கையில் நண்டோடு நிற்கும் அக்காவுக்கு அது என்ன பதில் சொல்கிறது என்று பார்த்துத்தான் மதிப்பெண் போட வேண்டும்.